அமுக்கிப் போட்டால்தான் கோஸ்தான்

அன்புள்ள தீனா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பா மலையிலிருந்து உனக்குப் போன் செய்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். நீ "இன்னும் இல்லப்பா" என்றாய். "சரி, சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். மத்தியானம் நாங்கள் ஈப்போவுக்கு இறங்கி, என் போனில் லைன் கிடைத்ததும் உன்னுடைய ஏழு மிஸ்டு கால் வரிசையாக வந்து விழுந்தது. "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? அவரா எனக்குப் போன் பண்ணி எத்தன வருஷம் இருக்கும்? குரலே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று பதறினாய். "ஒன்னும் இல்லய்யா, மலைக் காத்து ஒத்துக்கல" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் அது ரொம்பச் சின்னது. பெரியதை இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன்.

இதைக் குரல் பதிவில் அனுப்பத்தான் முதலில் பார்த்தேன். மூன்று தடவை பேசி மூன்று தடவையும் அழித்தேன். பேச ஆரம்பித்தால் நான் வக்கீலாகிவிடுகிறேன், என் பக்கத்து நியாயம்தான் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வருகிறது. அதனால், நான் ஏற்றிப்போன ஸ்கூல் வேன் பிள்ளைகளின் பெயர் எழுதி வைத்திருந்த பழைய நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். பின்பக்கம் எங்காவது 'கவிதா, பச்சை கேட், நாய் இருக்கு' என்று இருக்கும், கண்டுகொள்ளாதே. படித்துவிட்டு ஷாமினிக்கும் படித்துக் காட்டு. வரப்போகும் மாமியார் எப்படிப்பட்டவள் என்று கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லது. ஓடவேண்டுமென்றால் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

விஷயம் அப்பாவின் பழைய வேனைப் பற்றியது. நம் வீட்டில் எந்த விஷயம்தான் அந்த வேனைப் பற்றியதாக இல்லை? உனக்கு நாலு வயதாக இருந்தபோது லகாட்டில் ஒரு தவுக்கே முதலாளி வீட்டுக் கொல்லையில், பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் ஓரமாக, அது கோழிக் கூண்டாகக் கிடந்தது. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சோறு இறங்கவில்லை அவருக்கு. என்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போன அன்று இரண்டு தட்டு சாப்பிட்டாராம், உன் அத்தை சொல்லியிருக்கிறாள். லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பின் சீட்டுக்கு அடியில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அதுவும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது. சிமெண்டு ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து வந்ததும் அப்பா வேனுக்கு அடியில் படுத்துவிடுவார், வெளியே தெரிவது இரண்டு பாதம்தான். "உங்க மூத்த சம்சாரத்துக்கு ஆக்கிப் போட நம்மால ஆகாது" என்று நான் உள்ளேயிருந்து கத்துவேன். நீயோ அவர் பாதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கேட்கும் ஸ்பேனரைச் சரியாக எடுத்துக் கொடுப்பாய். எண் படிக்கக் கற்றது பள்ளியில் இல்லை, அந்த ஸ்பேனர்களில்தான்.

எட்டு வருடம் ஆயிற்று அதை முழுதாக எழுப்ப. உனக்குப் பன்னிரண்டு வயது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. மேலே பால் வெள்ளை, கீழே பாண்டான் இலைப் பச்சை என்று பெயிண்ட் அடித்து முடித்து, அடுத்த ஞாயிறு ஈப்போ பாடாங் மைதானத்தில் பழைய வண்டிக்காரர்களின் கூட்டத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தார். அன்று அவருக்குக் காலை ஷிப்ட். எனக்குத் தீபாவளிக்கு போர்ச்சைத் தேய்த்துக் கழுவ வேண்டும், நடுவில் மகாராணி நிற்கிறாள். அப்பாவுக்குப் போன் செய்தேன். "நான் வந்து எடுக்கிறேன், நீ தொடாத" என்றார். தொடாதே என்றால் தொடுகிற பிறவி நான், உனக்கே தெரியும். அதுவும் எட்டு வருடமாக ஸ்கூல் வேன் ஓட்டி, ஈப்போவின் ஒவ்வொரு சந்துபொந்திலும் நுழைந்து வெளியே வந்த ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையா அது? சாவியை எடுத்தேன், ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வேனைப் பின்னால் எடுக்க, நம் பாஷையில் கோஸ்தான் எடுக்க, ஒரு வித்தை உண்டு. கியர் கம்பை முதலில் கீழ்நோக்கி அமுக்க வேண்டும். அமுக்கினபடியே இடது பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். அமுக்க மறந்தால் கோஸ்தான் விழாது, இரண்டாவது கியர்தான் விழும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பை இழுத்தேன், திரும்பிப் பின்னால் ரோட்டைப் பார்த்தேன், கிளட்சை விட்டேன். வண்டி முன்னால் பாய்ந்து, போர்ச் தூணில் மோதி, ஒரு இருமல் இருமி நின்றது. அந்த வேனுக்கு முன்னால் எஞ்சின் கிடையாது, ஓட்டுகிறவர் முழங்காலுக்கும் உலகத்துக்கும் நடுவில் ஒரு தகரம்தான். அந்தப் பாண்டான் பச்சைத் தகரத்தில் ரொட்டி சானாய் அகலத்துக்கு ஒரு நசுங்கல்.

ஆமாம் தீனா. வேனின் மூக்கை இடித்தது நான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்திலிருந்துதான் தெரியும். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டு, எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீ டியூஷனிலிருந்து வந்து, பையைப் போட்டுவிட்டு, வழக்கம்போல டிரைவர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தாய். மூக்கை நீ பார்க்கக்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து அப்பாவின் மோட்டார் சைக்கிள் கேட்டுக்குள் வந்தது. நீ ஹேண்ட் பிரேக்கை விட்டு விளையாடினதில் வண்டி உருண்டு போய் முட்டிக்கொண்டது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். உன்னை இறக்கினார். "நான் இல்லப்பா" என்றாய். "பொய் வேற சொல்றியா?" என்று ஒரு அறை. வாழ்க்கையில் உன்னை அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். நான் கையில் குவளையோடு வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். "சின்னப் பிள்ளய அடிக்காதீங்க" என்றுதான் வந்தது. "நான்தான்" என்று வரவில்லை.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் மூக்கைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. தீபாவளி முடியட்டும் என்றிருந்தேன். அப்புறம் உனக்குப் பரீட்சை. அப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது, ஏன் கிளற வேண்டும் என்று தோன்றியது. ஒரு நாள் தள்ளிப்போட்டதைச் சொல்ல ஒரு மடங்கு தைரியம் வேண்டும், ஒரு வருடம் தள்ளிப்போட்டதைச் சொல்ல எத்தனை மடங்கு என்று நீயே போட்டுப் பார், நீதானே கணக்கில் கெட்டிக்காரன். கியரை அமுக்கத் தெரியாத உன் அம்மாவுக்கு விஷயத்தை அமுக்க மட்டும் நன்றாகத் தெரிந்தது. பதினேழு வருடம் அமுக்கி வைத்திருந்தேன்.

சரியாகவும் ஆகவில்லை. நீ அதற்குப் பிறகு அந்த வேனில் ஏறவே இல்லை. அவர் பாதத்துக்குப் பக்கத்தில் உட்காரவும் இல்லை. ஆயர் தாவாரில் சித்தப்பா வீட்டுக்கு எல்லாரும் வேனில் போனால் நீ பஸ்ஸில் வருவாய். 'வீம்பு பிடிச்ச பய' என்று அவர் நினைத்தார். 'கல்லு மனுஷன்' என்று நீ நினைத்தாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன், என்னவோ நான்தான் இந்தக் குடும்பத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பதாகப் பெருமை வேறு.

போன மாதம் நீ ஷா ஆலமிலிருந்து வந்திருந்தாயே, அப்போது அப்பா கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். "கோயில்ல இருந்து மண்டபத்துக்கு நம்ம வேன்லயே போலாம்லா? பூ கட்டினா நல்லா இருக்கும்." நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல், "கார் புக் பண்ணிட்டேன்பா. அந்த வேன்ல நான் ஏற மாட்டேன்" என்றாய். அவர் "சரிய்யா" என்றார், அவ்வளவுதான். நீ போன மறுநாள் வேனுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். மெக்கானிக் ஆ செங்குக்குப் போன் செய்து, யாராவது வாங்குகிற ஆள் இருக்கிறார்களா என்று கேட்டார். ஏற்கெனவே முட்டி ஆபரேஷன் ஆன மனுஷன், கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருஷா வருஷம் பழைய வேன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போய்க் கூடாரம் போடுவதற்கு இந்த வருஷம் வரவில்லை என்றும் சொல்லிவிட்டார். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார், டிவி அணைந்திருந்தாலும் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் ஓட்டுறேன், கெளம்புங்க" என்றேன். "நீயா?" என்றார். அந்த 'நீயா'வுக்காகவே ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரம் லகாட்டில், பழைய ஈயக் குட்டைப் பக்கம் இருக்கும் மணல் வெளியில் பழகினேன். அப்பா பக்கத்து சீட்டில் ஊன்றுகோலோடு உட்கார்ந்து, "அமுக்கு... இடது... இழு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவை அவர் 'அமுக்கு' என்று சொன்னபோதும் அந்தத் தூண்தான் கண்முன் வந்தது. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. அதையும் நானே ஊதி அணைப்பதா என்று விட்டுவிட்டேன். பார்த்தாயா, பதினேழு வருடம் கழித்தும் எனக்குச் சாக்குக்குப் பஞ்சமில்லை.

சனிக்கிழமை காலை சிம்பாங் பூலாயில் ஏழு வேன்கள் சேர்ந்தன. உனக்கு இரண்டு பேரைத் தெரியும். நீல வேன் ஹாலிம் அண்ணன், இன்னும் அதே சாப்பாட்டுக் கடைதான் நடத்துகிறார், வேனிலும் பாதிக் கடையை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆரஞ்சு வேன் ஆ செங், தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்த தமிழ் இன்னும் மறக்காத சீன மெக்கானிக். புறப்படும்போது ஹாலிம் அண்ணன், "அக்கா, நீங்க முன்னால போங்க. நாங்கல்லாம் பின்னால வாரோம்" என்று கையைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் தடவை வருகிறேன், ஒரே பொம்பளை டிரைவர், எவ்வளவு மரியாதை! கேமரன் மலை ரோட்டில் பாதி தூரம் தோளை நிமிர்த்திக்கொண்டு, எதிரே வந்த காய்கறி லாரிக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு போனேன். அப்புறம்தான் அப்பா மெதுவாகச் சொன்னார்: "இவங்க வழக்கம் என்னன்னா, எந்த வண்டி ரொம்ப மெதுவா போகுமோ, அதைத்தான் முன்னால விடுவாங்க. இல்லன்னா அது தனியா மாட்டிக்கும்." என் தோள் தானாக இறங்கிவிட்டது. ஆனால் அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் முந்தவில்லை. ஆறு வண்டிகள் ஒரு கிழட்டு டிரைவரின் வேகத்துக்குத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தன. நீயும் ஷாமினியும் நடக்கும்போது பார்த்திருக்கிறேன், நீ நாலடி முன்னால் போய் நின்று வாட்சைப் பார்க்கிறாய். அவளை முன்னால் விடு.

பாதி மலையில் நம் வேன் மூச்சுத் திணறி நின்றது. ஏற்றத்தில் சூடாகிப் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட்டதாம். ஆ செங் ஈரத் துணியைப் பெட்ரோல் பம்பின் மேல் சுற்றிவிட்டு, "கொஞ்சம் நேரம் தூங்கட்டும்லா" என்று சிகரெட் பற்றவைத்தார். அப்போது புத்தம் புது காரில் வந்த ஒரு நல்ல மனிதர் நிறுத்தி, இரண்டு பாட்டில் தண்ணீரோடு இறங்கினார், ரேடியேட்டரில் ஊற்ற. முன்னால் பார்த்தார், மூடியே இல்லை. பக்கவாட்டில் பார்த்தார். சுற்றிவந்து பின்னால் பார்த்தார், அங்கே எஞ்சின் இருந்தது, ரேடியேட்டர் இல்லை. இந்த வண்டி காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும், தண்ணீரே கேட்காது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, ஏனென்றால் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது சுற்று வரும்போது அப்பா தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தத் தண்ணீரைக் கடைசியில் நாங்களே குடித்தோம்.

கம்போங் ராஜா கிராமத்துக்குக் கொஞ்சம் கீழே, முட்டைக்கோஸ் தோட்டத்தை ஒட்டிய ஒரு புல்வெளியில் கூடாரம் போட்டோம். குளிருக்கு நான் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் அப்பாவின் பழைய ஃபேக்டரிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஹாலிம் அண்ணன் வாணலியில் மீ கோரெங் பிரட்டினார், ஏழு வேன்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் வண்டி எங்கெங்கே படுத்தது என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஹாலிம் அண்ணன் கேட்டார், "அண்ணே, தம்பி கல்யாணத்துக்கு ஏழு வண்டியும் வரிசையா வந்து நிக்கணும்லா. பாண்டான் பச்சைதான் மாப்பிள்ள வண்டி. சரியா?"

அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவன் வேற கார் சொல்லிட்டான். அவனுக்கு இந்த வண்டி மேல கோவம்லா. சின்ன வயசுல ஒரு தடவ அடிச்சிட்டேன்." கரண்டியால் மீயை ஒதுக்கிவிட்டு, "வண்டிக்காக அடிக்கல ஹாலிம். தகரம் போனா போகுது. என் மகன் பொய் சொல்றானேன்னு அடிச்சேன்" என்றார்.

இத்தனை வருடமும் வண்டிக்காகத்தான் அடித்தார் என்று நானும் உன்னைப்போலவே நினைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது, 'தகரத்துக்காகப் பிள்ளையை அடிக்கிற மனுஷன்' என்று பாதிப் பழியை அவர் தலையில் போட முடிந்தது. அன்றைக்கு அந்த ஆறுதலும் போயிற்று. உன் கன்னத்தில் விழுந்தது முழுக்க முழுக்க எனக்கு விழ வேண்டியது.

ஞாயிறு காலை கூடாரத்தைச் சுருட்டியாயிற்று. என் வேன் புல்வெளியின் ஓரத்தில், மூக்கை ஹாலிம் அண்ணனின் மடக்கு மேசைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது. மேசை மேல் தே தாரேக் பானை, கிளாஸ்கள், நேற்றைய ரொட்டி. நான் ஏறி உட்கார்ந்தேன். "அக்கா, பார்த்துலா, என் டீக்கடை முன்னால இருக்கு!" என்று ஹாலிம் அண்ணன் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நான் வீறாப்பாகக் கம்பை இழுத்து, திரும்பிப் பின்னால் பார்த்து, கிளட்சை விட்டேன். வண்டி முன்னால் பாய்ந்தது. பானை ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம். தேநீர் முழுக்கப் புல்லுக்கு.

மலையே அதிரும்படி சிரிப்பு. அப்பாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். நான் இறங்கி நின்றேன். ஆ செங் வந்து தோளைத் தட்டினார். "அண்ணி, பரவால்லலா. முதல் தடவ எல்லா ஆளும் இப்படித்தான். அமுக்க மறந்துரும்."

"முதல் தடவ இல்ல ஆ செங்" என்றேன். "ரெண்டாவது தடவ."

அப்பா சிரிப்பு அடங்காமலேயே, "எப்ப முதல் தடவ? லகாட்ல ஒழுங்காத்தானே போட்ட?" என்றார்.

"பதினேழு வருஷத்துக்கு முன்ன. நம்ம வீட்டுத் தூண்ல."

இதை எத்தனையோ விதமாகச் சொல்ல ஒத்திகை பார்த்திருக்கிறேன், அழுதபடி, காலில் விழுந்து, கோயிலில் வைத்து. கடைசியில் தேநீர் ஊறிய புல்லில் நின்றுகொண்டு, ஃபேக்டரிச் சட்டையோடு, ஏழு வேன்காரர்கள் முன்னால் சொன்னேன். ஹாலிம் அண்ணன் குனிந்து கிளாஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார். அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம போர்ச் எந்தப் பக்கம் சரிவு?" என்று கேட்டார்.

"ரோட்டுப் பக்கம். கழுவின தண்ணி அங்கதானே போகும்."

"ஹேண்ட் பிரேக்க விட்டிருந்தா வண்டி எந்தப் பக்கம் உருண்டிருக்கும்?"

பதிலையும் அவரே சொன்னார். "கோஸ்தான்லா போயிருக்கணும். ரோட்டுக்குப் போயிருக்கணும். தூண் முன்னால இல்ல இருக்கு?" ஊன்றுகோலால் புல்லில் ஒரு கோடு இழுத்தார், அதை அழித்தார். "எஞ்சினப் பிரிச்சு மாட்டத் தெரியும் எனக்கு. இது தெரியல பாரு. அவன் உண்மையத்தான் சொல்லியிருக்கான். எம்மவன் உண்மையத்தான் சொல்லியிருக்கான்."

தீனா, அவர் அழுதார். எனக்கு அவரோடு முப்பத்தியொரு வருடப் பழக்கம், அவர் அழுது பார்த்ததில்லை. அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "லைன் எங்க கிடைக்கும்?" என்றார். அந்தப் புல்வெளியில் லைன் கிடையாது, முட்டைக்கோஸ் தோட்டத்தின் மேல் படிகளில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் ஒரு கோடு வரும் என்றார்கள். கிளட்ச் மிதிக்கக் கூடாத அந்த முட்டியோடு ஏறினார். ஆ செங் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார், அவர் பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்கும்போதெல்லாம் நாற்காலியை விரித்தார், அப்பா உட்கார மாட்டேன் என்றார், மறுபடி மடக்கினார். கீழேயிருந்து பார்க்க சிரிப்பாகத்தான் இருந்தது, என்னால்தான் சிரிக்க முடியவில்லை. மேலே தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போனைக் காதில் வைத்தார். அரை நிமிடம்கூட இல்லை, கீழே இறக்கிவிட்டார்.

திரும்பி வந்ததும் ஆ செங் என் காதில் சொன்னார், "அண்ணி, அண்ணே மேல நின்னு நாலு தடவ பேசிப் பார்த்தாருலா. 'தப்பு என்னுதுதான்யா, நீ சொன்னது உண்மைதான்யா'ன்னு நல்லாத்தான் சொன்னாரு. தம்பி போன எடுத்த உடனே சாப்பாடு கேட்டுட்டாரு."

இதுதான் அந்தப் போன். 'சாப்பிட்டியா' என்று அவர் கேட்டதற்கு இதுதான் அர்த்தம்.

இறங்கும்போது அவர் என்னோடு பேசவில்லை. நானும் பேச வைக்கப் பார்க்கவில்லை, எனக்கு அது வேண்டியதுதான். இரண்டு மணி நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். சிம்பாங் பூலாய் விளக்குச் சந்திப்பில் நிற்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பியபடியே, "அமுக்குணி" என்றார். கல்யாணமான புதிதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், பேசாமலேயே காரியம் சாதிக்கிறவள் என்று. பச்சை விழுந்தது. முதல் கியர் போட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது அவருக்கு, நேற்றுகூட காப்பியில் சீனி போதாது என்று இரண்டு தடவை சொன்னார், அது சீனியைப் பற்றியது இல்லை. ஆனால் வேன்மேல் போட்டிருந்த தார்ப்பாயை மடித்துக் கொல்லையில் வைத்துவிட்டார். ஆ செங்குக்குப் போன் செய்து, விற்கிற பேச்சை விட்டுவிடு என்றும் சொல்லிவிட்டார்.

என்னை நீ உடனே மன்னிக்க வேண்டாம். பன்னிரண்டு வயதில் நீ உண்மை சொன்னாய், உண்மை தெரிந்த ஒரே ஆள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது சின்ன விஷயம் இல்லை. அதற்குப் பிறகு நீ யாரிடமும் எதையும் விளக்கிச் சொல்வதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். பள்ளியில், வேலையில், யார் என்ன சொன்னாலும் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுகிறாய். அது உன் சுபாவம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதைக் கொடுத்தது நான். ஷாமினியிடம் மட்டும் அப்படிப் போய்விடாதே. அவள் கேட்காவிட்டாலும் விளக்கிச் சொல். நீ எதையாவது இடித்துவிட்டால், அன்றைக்கே, தண்ணீர் குடிக்க உள்ளே போவதற்கு முன்பே, சொல்லிவிடு. தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று போனவள்தான் நான்.

கார் புக் பண்ணியிருக்கிறாய், அதை மாற்று என்று நான் கேட்க மாட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை. இந்தச் சனிக்கிழமை நீ வரும்போது அப்பா உன்னிடம் பேச வேண்டும் என்று ஏதேதோ மனதுக்குள் எழுதி வைத்திருக்கிறார். நீ உள்ளே நுழைந்ததும் அதெல்லாம் மறந்து, சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்பார். கேட்டால், சாப்பிட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. சேர்ந்து உட்கார். கொஞ்சம் நேரம் கொடு, அவர் ரொம்ப மெதுவான வண்டி.

வேன் போர்ச்சில்தான் நிற்கிறது, மூக்கைத் தூணுக்குக் காட்டிக்கொண்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தில். அப்பா அப்படி நிறுத்தச் சொன்னார். சாவி அதிலேயே தொங்கும். வெளியே எடுப்பதாக இருந்தால் அப்பாவைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு நீயே எடு. அமுக்கு, இடது, இழு. நான் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கிறேன், அன்றைக்கே நின்றிருக்க வேண்டிய இடம் அது.

பார்த்து எடு.

அம்மா